இந்தச் செய்தியை எழுதியது யார், எங்கிருந்து வந்தது? இணையச் செய்தியின் மூலம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்தியின் மூலம் என்றால் எழுதியவர் பெயர் மட்டும்தானா?

இல்லை, பெயர் அதில் ஒரு பகுதிதான். நிருபர் நேரில் போனாரா, போனில் கேட்டாரா, அரசின் செய்திக்குறிப்பைப் பார்த்து எழுதினாரா? பல ஊடகங்களுக்குச் செய்தி தரும் பி.டி.ஐ. போன்ற ஏஜென்சியிலிருந்து வந்ததா, ஆங்கிலச் செய்தியின் மொழிபெயர்ப்பா? வெளியான பிறகு எந்த வரி மாறியது? வெளியிட யாராவது பணம் கொடுத்தார்களா? இவ்வளவும் சேர்ந்ததுதான் மூலம்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, "இது எங்களுக்கு எப்படித் தெரிய வந்தது" என்று சொல்லும் ஒரு வரி. மேட்டூர் அணையின் நீர்மட்டம் பற்றிய செய்தியில் தகவல் எந்த அலுவலகத்தின் எந்தத் தேதி அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டது என்று போட்டிருந்தால், எழுதியவர் யாரென்று தெரியாமலே அதைச் சரிபார்த்துவிடலாம். பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டுத் தகவல் வந்த வழியைச் சொல்லாவிட்டால் சரிபார்க்க நம் கையில் ஒன்றும் இல்லை.

அச்சுப் பத்திரிகையிலும் பாதிச் செய்திகளுக்குப் பெயர் இருக்காதே. இணையத்திடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

அச்சில் செய்திக்குப் பெயர் இல்லாவிட்டாலும் பத்திரிகைக்குப் பொறுப்பான ஆள் இருந்தார். 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் அச்சிட்டவர் பெயர், அச்சிட்ட இடம், வெளியிட்டவர் பெயர் ஆகியவற்றைத் தாளிலேயே போடச் சொன்னது. பத்திரிகையின் ஒவ்வொரு பிரதியிலும் உரிமையாளர், ஆசிரியர் பெயர்களும் இருக்க வேண்டும் என்றது. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வருமே, அந்த வரிதான். அன்றைய ஆங்கிலேய அரசு வாசகர் மேல் உள்ள அக்கறையில் இதைக் கொண்டுவரவில்லை, அச்சாவதையெல்லாம் கணக்கில் வைத்துக்கொள்ளவே கொண்டுவந்தது. ஆனாலும் மறுப்பு அனுப்ப விரும்பியவருக்கும் வழக்குப் போட விரும்பியவருக்கும் அதில் ஒரு முகவரி கிடைத்தது. அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 2023-இல் இயற்றிய புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அச்சில் வந்த செய்தி அந்தத் தாளிலேயே இருக்கும். தேநீர்க் கடையில் படித்தாலும் மேலே பத்திரிகையின் பெயர் தெரியும். இணையத்தில் செய்தி தன் பக்கத்தை விட்டுப் பிரிந்துவிடுகிறது. ஸ்கிரீன்ஷாட்டாக, நியூஸ் கார்டாக, வாட்ஸ்அப்பில் ஒட்டிய நாலு பத்தியாக ஊர் சுற்றுகிறது. தளத்தின் முகப்பில் ஆசிரியர் பெயர் இருந்து பயனில்லை. ஒவ்வொரு செய்தியும் தன் மூலத்தைத் தன்னோடு எடுத்துப் போக வேண்டியிருக்கிறது.

செய்தி உண்மையாக இருந்தால் போதாதா? மூலம் தெரியாததால் என்ன நட்டம்?

2016-இல் பாகிஸ்தானின் கராச்சியில் ஒரு தொண்டு அமைப்பு, குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்தது. மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்புறம் திரும்பி வந்து குழந்தையை விட்டுவிட்டு, கராச்சித் தெருவில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று எழுதிய பதாகையைக் காட்டுவார்கள். 2018-இல் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, முதல் பகுதியை மட்டும் இந்தியாவில் வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். குழந்தை கடத்தும் கும்பல் நம் ஊருக்குள் வந்துவிட்டது என்ற வதந்தி பல மாநிலங்களில் கிளம்பிய நேரம் அது. அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண் ஒருவரை ஊர்க் கூட்டம் அடித்தே கொன்றது.

அந்த வீடியோவில் இருந்த காட்சிகளை யாரும் கணினியில் உருவாக்கவில்லை. எடுத்தது யார், எந்த ஊரில், எதற்காக என்ற மூன்று விவரங்களைத்தான் வெட்டி எறிந்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவியதும் இதே வகைதான். பரவியவற்றில் இரண்டைக் குறிப்பிட்டு அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார்: ஒன்று திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்த தகராறு, இரண்டுமே பழையவை. அதற்குள் பீகார் சட்டமன்றம் வரை விஷயம் போய்விட்டது, அங்கிருந்து அதிகாரிகள் குழுவும் இங்கே வந்து விசாரித்தது. இடமும் தேதியும் ஒட்டிய வீடியோவாக இருந்திருந்தால் அந்தப் பீதி அவ்வளவு தூரம் போயிருக்காது.

"நமது நிருபர்" என்று போடுவது தவறா?

தவறு என்று சொல்ல மாட்டேன். லண்டனிலிருந்து வரும் எகானமிஸ்ட் இதழ் இன்றுவரை பெரும்பாலான கட்டுரைகளுக்குப் பெயர் போடுவதில்லை. இதழ் முழுவதற்கும் ஆசிரியர் குழு பொறுப்பேற்கிறது. அது ஒரு மரபு, அதில் ஒளிவுமறைவு இல்லை.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பெயருக்குப் பின்னால் நிருபரே இல்லாதபோதும் அதைப் போடுவது. மாவட்ட மக்கள் தொடர்பு அலுவலகம் அனுப்பிய குறிப்பை அப்படியே ஏற்றிவிட்டு மேலே "நமது நிருபர்" என்று போட்டால், யாரோ ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்று வாசகர் நம்புகிறார். யாரும் போகவில்லை என்பதுதான் உண்மை. "செய்திக்குறிப்பிலிருந்து" என்று போட ஒரு செலவும் இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. தாலுகா அளவில் வேலை பார்க்கும் பகுதிநேர நிருபர்தான் முதலில் ஓடுகிறார், வெயிலில் நின்று படம் எடுக்கிறார். செய்தி வரும்போது அலுவலகத்தில் உட்கார்ந்து செய்தியைத் திருத்தி வெளியிடும் டெஸ்க்கின் பெயர் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. செய்திக்குப் பணம் குறைவாகக் கிடைக்கும் அவருக்குப் பெயராவது கிடைக்க வேண்டும். மூலத்தைத் திறந்து வைப்பது வாசகருக்கான உரிமை என்றே பேசுகிறோம், உழைத்தவருக்கும் அது உரிமைதான்.

பெயரும் புகைப்படமும் இருந்தால் நம்பிவிடலாமா?

கூடாது. 2020 ஜூலையில் அமெரிக்காவின் டெய்லி பீஸ்ட் செய்தித் தளம் ஒரு வலைப்பின்னலை அம்பலப்படுத்தியது. மத்திய கிழக்கு விவகார நிபுணர்கள் என்று சொல்லிக்கொண்ட 19 பேர், 46 ஊடகங்களில் 90-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை வெளியிட்டிருந்தார்கள். அந்த 19 பேரில் ஒருவரும் உண்மையான மனிதர் இல்லை. அதே மாதம் ராய்ட்டர்ஸ் இன்னொருவரைக் கண்டுபிடித்தது: பிரிட்டனில் படிக்கும் மாணவர் என்று சொல்லி இஸ்ரேலிய ஊடகங்களில் எழுதிய "ஆலிவர் டெய்லர்". அவருடைய முகமே கணினி உருவாக்கியது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் தளத்தில் பொருள் மதிப்புரைகள் எழுதிய சிலரும் இப்படித்தான் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவருடைய படம், ஏஐ முகங்களை விற்கும் தளத்தில் விற்பனைக்கு இருந்தது.

ஆளைப் போலவே ஊடகத்தையும் உருவாக்கலாம். இ.யூ. டிஸ்இன்ஃபோலேப் என்ற ஐரோப்பிய அமைப்பு 2019-இல், 65-க்கும் மேற்பட்ட நாடுகளின் உள்ளூர்ச் செய்தித் தளங்கள் போலத் தோற்றமளித்த 265 தளங்களை அடையாளம் காட்டியது. எல்லாம் இந்தியாவிலிருந்து இயக்கப்பட்டவை என்றது அந்த அறிக்கை. 2020-இல் வந்த அடுத்த அறிக்கையில் எண்ணிக்கை 750 போலி ஊடகங்கள், 119 நாடுகள் என்று ஏறியது. எப்போதோ நின்றுபோன பழைய பத்திரிகைகளின் பெயர்களையும், காலமான அறிஞர் ஒருவரின் பெயரையும்கூட விட்டுவைக்கவில்லை.

ஆகவே பெயரைப் பார்த்தவுடன் அடுத்த கேள்வி கேட்க வேண்டும்: இவர் வேறு என்ன எழுதியிருக்கிறார், எத்தனை ஆண்டுகளாக எழுதுகிறார், யாராவது இவரை நேரில் பார்த்துப் பேட்டி எடுத்திருக்கிறார்களா?

ஒரே செய்தி பத்துத் தளங்களில் வருகிறதே, அது பத்துப் பேர் உறுதிசெய்த மாதிரிதானே?

பெரும்பாலும் இல்லை. பத்தும் ஒரே இடத்திலிருந்து எடுத்திருக்கலாம். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்குள்ள முன்னணி நாளிதழ்களின் உள்நாட்டுச் செய்திகளை ஆராய்ந்தபோது, சுமார் 60 சதவீதம் முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ ஏஜென்சி வரிகளாலும் மக்கள் தொடர்புத் துறையினர் அனுப்பிய குறிப்புகளாலும் ஆனவையாக இருந்தன. தேர்ந்த நாளிதழ்களின் நிலையே இதுதான்.

2011-இல் மீடியா ஸ்டாண்டர்ட்ஸ் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் அமைப்பு இதற்கென்றே சர்னலிசம் என்ற தளத்தைத் தொடங்கியது. ஒரு பிரஸ் ரிலீசை அதில் ஒட்டினால், எந்தெந்தச் செய்தியில் எத்தனை சதவீதம் அப்படியே இருக்கிறது என்று காட்டியது. தமிழுக்கு இப்படி ஒன்று இல்லாதது பெரிய குறை. தேர்தல் நேரத்தில் மட்டும் ஓடினால்கூட எவ்வளவு வெளிச்சம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

தேர்தல் என்றதும் நினைவுக்கு வருவது 2009. அந்த ஆண்டு மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலில், போட்டிப் பத்திரிகைகளில் ஒரே தலைவரைப் புகழ்ந்து ஒரே கட்டுரை வரி மாறாமல் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எடுத்துக்காட்டினார். பத்திரிகைகளின் நடத்தையைக் கவனிக்கும் அமைப்பான பிரஸ் கவுன்சில் இரண்டு பேர் கொண்ட துணைக்குழுவை அமைத்தது. அந்தக் குழு காசு வாங்கிப் போடும் செய்திகள் பற்றி 71 பக்க அறிக்கை கொடுத்தது. கவுன்சில் அதைச் சுருக்கி வெளியிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின்படி மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகு 2011-இல்தான் முழு அறிக்கையும் வெளியே வந்தது.

தொழில்நுட்பத்தால் இதைத் தீர்க்க முடியாதா?

ஓரளவு முடியும். முயற்சி நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகிறது. 2008-இல் அதே மீடியா ஸ்டாண்டர்ட்ஸ் டிரஸ்ட்டும், உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயும் சேர்ந்து முன்வைத்த திட்டத்துக்கு அமெரிக்காவின் நைட் அறக்கட்டளை 3,50,000 டாலர் கொடுத்தது. அதிலிருந்து பிறந்தது எச்-நியூஸ். எழுதியவர், நிறுவனம், செய்தி எழுந்த இடம், முதலில் வெளியான நேரம், எந்த நெறிமுறையின்படி எழுதப்பட்டது என்பவற்றைப் பக்கத்தின் நிரலுக்குள் ஒரே மாதிரியான குறிகளாக வைக்கும் முறை அது. 2009-இல் அசோசியேட்டட் பிரஸ் ஏஜென்சி அதைக் கையில் எடுத்தது.

நல்ல யோசனை. ஆனால் குறிகளை இயந்திரம் படித்தது, வாசகர் கண்ணில் அவை படவே இல்லை. பார்வைக்கு வராத ஒன்றை வாசகர் கேட்டு வாங்க மாட்டார், வாசகர் கேட்காத வேலையை டெஸ்க் செய்யாது. அந்த முயற்சியிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது: மூலம் முதலில் மனிதர் படிக்கும் தமிழில் பக்கத்தின் மேலே இருக்க வேண்டும், நிரலுக்குள் வைப்பது அதற்கு அப்புறம். இன்று ஸ்கீமா என்ற பொதுக் குறிமுறையில் எழுதியவர், வெளியான தேதி, திருத்திய தேதி எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. பல தளங்கள் தேடுபொறிக்காக அவற்றை நிரப்புகின்றன. அதே விவரத்தை வாசகருக்குக் காட்டத்தான் மறந்துவிடுகின்றன.

படம், வீடியோவுக்கு?

இங்கேதான் இப்போது வேலை வேகமாக நடக்கிறது. 2021 பிப்ரவரியில் அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி, இன்டெல், ஆர்ம், ட்ரூபிக் ஆகியவை சேர்ந்து சி2பிஏ என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. படம் எடுத்த கருவி, நேரம், பின்னர் செய்த திருத்தங்கள் ஆகியவற்றைக் கையொப்பமிட்ட பதிவாகப் படத்தோடு சேர்த்துவிடுவது அதன் வேலை. இடையில் யாராவது படத்தை மாற்றிவிட்டுப் பதிவை அப்படியே விட்டால், கையொப்பம் பொருந்தாது. 2023 அக்டோபரில் வந்த லைகா எம்11-பி, இந்த வசதியை உள்ளேயே கொண்ட முதல் கேமரா.

அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதில் தெளிவு வேண்டும். நிலத்துக்கு எடுக்கும் வில்லங்கச் சான்றைப் போன்றது அது: பதிவானவரை யார் யார் கை மாறியது என்று தெரியும், மண் விளையுமா என்று தெரியாது. மேடை போட்டு நடித்ததைப் படமெடுத்தாலும் கையொப்பம் சரியாகவே இருக்கும். இன்னொரு பலவீனம், ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அந்தப் பதிவு கூட வராது. செயலிகள் வழியே கைமாறும்போதும் பல நேரம் உதிர்ந்துவிடும். நம் ஊரில் படங்கள் நடமாடுவதே அந்த வழியில்தான்.

அதற்காகக் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. பிபிசி தமிழ் ஒவ்வொரு படத்துக்கும் கீழே "பட மூலாதாரம்" என்று போடுகிறது. எளிய பழக்கம், எவரும் பின்பற்றலாம். கோப்புப் படம் என்றால் கோப்புப் படம் என்று படத்தின் மேலேயே எழுதுங்கள். தலைப்புக்கு எட்டு பத்தி தள்ளி எழுதினால் யார் பார்ப்பார்கள்?

ஏஐ எழுதிய செய்திக்கு யார் பெயரைப் போடுவது?

பொறுப்பேற்கும் மனிதரின் பெயர், கூடவே ஏஐ எந்த அளவுக்கு உதவியது என்ற ஒரு வரி. அமெரிக்காவின் சிநெட் தளம் கணினி எழுதிய நிதிக் கட்டுரைகளைப் பொதுவான பணியாளர் பெயரில் வெளியிட்டது. பெயரின் மேல் சுட்டியை வைத்தால்தான் உண்மை தெரியும். 2023 ஜனவரியில் விஷயம் வெளிவந்து தணிக்கை செய்தபோது, 77 கட்டுரைகளில் 41-க்குத் திருத்தம் போட வேண்டியிருந்தது.

தமிழில் இன்னொரு பழக்கம் பரவியிருக்கிறது. ஆங்கிலச் செய்தியை இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்து, சொந்தச் செய்தி போல ஏற்றுவது. கோடி, மில்லியன் குழப்பமும், "மறுத்தார்" என்பது "மறுக்கவில்லை" ஆவதும் அதில்தான் நடக்கிறது. மொழிபெயர்ப்பு கேவலமான வேலை அல்ல. உலகச் செய்திகளைத் தமிழ் வாசகரிடம் கொண்டுவந்ததே மொழிபெயர்த்த உதவி ஆசிரியர்கள்தான். மூலச் செய்தி எந்த நிறுவனத்தினுடையது, தமிழில் சரிபார்த்தவர் யார் என்று சொல்லிவிட்டால் போதும்.

எல்லாவற்றையும் வெளியே சொன்னால் நிருபருக்கு ஆபத்து இல்லையா?

இருக்கிறது. இந்தக் கேள்வியைத் தமிழர்கள் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசிக்கும் வீரகேசரி நாளிதழுக்கும் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19 அன்று தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். மட்டக்களப்பில் பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழ்நெட் தளத்தின் மூத்த ஆசிரியர் தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். இவர்கள் எல்லோரும் பெயர் தெரிந்த பத்திரிகையாளர்கள்.

தமிழ்நெட் செய்திகளில் நிருபர் பெயர் இருக்காது. ஆனால் ஒவ்வொரு செய்தியின் தலையிலும் நாளும் கிரீன்விச் நேரமும் இருக்கும். பெயரை மறைத்தாலும் மற்ற விவரங்களை மறைக்க வேண்டியதில்லை என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு. ஆபத்தான இடத்தில் இருப்பவரின் பெயரை விட்டுவிடுங்கள், "பாதுகாப்புக் காரணத்தால் பெயர் வெளியிடப்படவில்லை" என்று எழுதுங்கள், நிறுவனத்தின் ஆசிரியர் பெயரோடு பொறுப்பேற்கட்டும். தகவல் கொடுத்தவரின் அடையாளத்தைக் காப்பது வேறு, அது எந்த நாளும் காக்கப்பட வேண்டியது. வெளிப்படைத்தன்மையின் பேரில் அதில் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை.

இந்தியச் சட்டம் இதைக் கட்டாயமாக்குகிறதா?

வாசகர் கோணத்தில் பார்த்தால், இல்லை. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், இணையச் செய்தி வெளியீட்டாளர் தன் விவரங்களைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குத் தர வேண்டும், குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து அவருடைய தொடர்பு விவரத்தைத் தளத்தில் போட வேண்டும், புகாருக்கு 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கின்றன. நெறிமுறைத் தொகுப்புக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற பகுதிக்கு 2021 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தடை நாடு முழுவதும் செல்லும் என்று அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

நீங்கள் யார் என்று அரசிடம் சொல்லுங்கள் என்பதுதான் அந்த விதிகளின் போக்கு. வாசகரிடம் சொல்லுங்கள் என்பதை அதிகாரிகள் செய்ய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. பிடிக்காத தளத்தை மூட அது ஒரு சாக்காகிவிடும். இதை ஆசிரியர் குழுக்களே செய்ய வேண்டும்.

வாசகராக நான் என்ன பார்க்கலாம்?

நியூஸ் கார்டு வந்தால், லோகோவை நம்பாமல் அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துருவும் நிறமும் நகலெடுக்கக் கொஞ்ச நேரம் போதும், பக்கத்தில் ஏற்றுவது வெளியாளால் முடியாது. சந்தேகமான படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால் முன்பு எங்கெல்லாம் வந்தது என்று தெரியும். தளத்தில் "எங்களைப் பற்றி" பக்கம் இருக்கிறதா, அதில் ஆளும் ஊரும் உண்டா என்று பாருங்கள். நேற்று படித்த வரி இன்று காணவில்லை என்றால், இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பழைய பிரதி கிடைக்கலாம்.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு "பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது" என்று வந்தால், அது பல கை மாறி வந்தது என்று பொருள், அனுப்பியவருக்கும் மூலம் தெரியாமல் இருக்கலாம். அனுப்பியது மாமாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, "இது எங்கிருந்து வந்தது?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

நாலு பேர் வைத்துச் சின்னத் தளம் நடத்துகிறேன். எனக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா?

ஆகும். மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். தலைப்புக்குக் கீழே மூன்று விவரம்: எழுதியவர், ஊர், வெளியான நேரம். அதன் கீழே தகவல் வந்த வழி, ஒரே வரியில். "நேரில் சென்று திரட்டியது", "மாவட்ட நிர்வாகத்தின் செய்திக்குறிப்பு", "பி.டி.ஐ. தகவலுடன்", "விளம்பரதாரர் பணம் கொடுத்து வெளியிட்டது". ஏற்றும்போதே இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காவிட்டால் செய்தி வெளியாகாதபடி உங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் அமைத்துத் தரச் சொல்லுங்கள். அவருக்கு அது சின்ன வேலைதான்.

திருத்தம் போடும்போது பழைய தவறை அமைதியாக அழிக்காதீர்கள். "முதலில் 12 பேர் காயம் என்று வெளியிட்டிருந்தோம், மருத்துவமனை தந்த தகவலின்படி 7 பேர், மாலை 6.40-க்குத் திருத்தப்பட்டது" என்று கீழே எழுதுங்கள். பழைய ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு யாராவது கேட்டால் காட்ட அது உதவும். புகார் அனுப்ப ஒரு மின்னஞ்சலும் போடுங்கள், அதைத் தினமும் திறந்து பார்க்க நாலு பேரில் ஒருவரை நியமித்து அவர் பெயரையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.